செவர்ன் களிமண்ணிலிருந்து ஸ்டோ குதிரைச் சந்தைக்கு

இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரைச் சுற்றியுள்ள செவர்ன் ஆற்றுச் சமவெளியில் அக்டோபர் பிறந்துவிட்டால், வயலுக்குள் வண்டியை இறக்க எல்லோருமே யோசிக்கிறார்கள். மண் அப்படி. ஜுராசிக் காலத்துக் கடலின் அடியில் படிந்த களி அது. லயஸ் களி என்று பெயர். தண்ணீரை உள்ளேயும் இறங்க விடாது, எளிதில் வடியவும் விடாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே வயல், நாலு மழைக்குப் பிறகு பூட்ஸைத் தான் வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பிக் கொடுக்கிறது.

அந்தச் சமவெளியில் சிறு பண்ணை வைத்திருக்கும் ஓர் அம்மா, என்னைத் தங்க வைத்திருந்த நண்பரின் குடும்பத்துக்கு நல்ல பழக்கம். அறுபதைத் தாண்டியவர். ஸ்டோ-ஆன்-த-வோல்டு குதிரைச் சந்தைக்குப் போய் காப் எனப்படும் கட்டுக்குட்டான ரகக் குதிரை ஒன்று வாங்கி வரப்போகிறேன், முன் சீட்டில் இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார். நான் குதிரைகளைப் பார்க்கத்தான் கிளம்பினேன். ஆனால் போகும்போதும் வரும்போதும் பேச்சு முழுக்க டயரைப் பற்றியே இருந்தது. கேட்கக் கேட்க, அந்த ஊரில் குதிரை வைத்திருப்பவர்களுக்குப் புல், வைக்கோலுக்கு அடுத்த கவலை அதுதான் என்று புரிந்தது.

அவரிடம் இருப்பது சின்ன ஹார்ஸ்பாக்ஸ், அதாவது குதிரை லாரி. ரெனோ மாஸ்டர் வேனின் அடிச்சட்டத்தின்மேல் குதிரை நிற்கும் பெட்டியைக் கட்டியிருக்கிறார்கள். மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனில் சாதாரண கார் லைசென்ஸ் அந்த எடையோடு நின்றுவிடுகிறது. 1997 ஜனவரிக்கு முன்பு தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு 7,500 கிலோ வரை ஓட்டும் உரிமை தானாகவே வந்துவிடும். அதற்குப் பிறகு வந்தவர்கள் தனியாகத் தேர்வு எழுத வேண்டும். அம்மா பெரிய லாரியையே ஓட்டலாம். ஆனால் மகளும் பேத்தியும் ஓட்ட வேண்டுமே என்று சின்னதை வாங்கியிருக்கிறார். நாட்டில் இந்த அளவு குதிரை லாரிகள் பெருகியதற்கு இந்த லைசென்ஸ் விதி ஒரு பெரிய காரணம்.

சந்தைக்கு முந்தின நாள் டயர் கடைக்குப் போனோம். பார்வைக்குப் பழைய டயர்களில் ஒரு குறையும் இல்லை. பட்டன் ஆறு மில்லிமீட்டர் தேறும். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான். கடைக்காரர் பட்டன் பக்கம் திரும்பவே இல்லை. குந்தி உட்கார்ந்து பக்கச்சுவரில் டார்ச் அடித்தார். சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 3613. அதாவது 2013-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரத்தில் வார்த்த டயர். கட்டைவிரலால் ரப்பரை அழுத்தி மடக்கினார். ரிம்மை ஒட்டி நூலிழை நூலிழையாக வெடிப்பு வாய் திறந்தது.

குதிரை லாரியின் தலையெழுத்து இது. மாதம் ஓரிரு முறைதான் ஓடும். மீதி நாளெல்லாம் ஒரே இடத்தில், வெயிலிலும் பனியிலும், பாரத்தைத் தாங்கியபடி நிற்கும். டயர் தேய்ந்து சாவதில்லை, கிழடாகிச் சாகிறது. 3,500 கிலோவைத் தாண்டிய லாரிகளின் முன் அச்சில் பத்து வயதுக்கு மேற்பட்ட டயர் ஓடக்கூடாது என்று 2021 பிப்ரவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. சின்ன லாரிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் பார்த்துக்கொள்ள வேண்டியது சொந்தக்காரர் பாடு.

"சேற்றுக்கு நல்லதாக ஒன்று கொடுங்கள்" என்றார் அம்மா. கடைக்காரர் சிரித்துவிட்டு மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார்.

முதலாவது சாதாரண வேன் டயர். சுற்றளவு முழுக்க நேர்கோடாகப் பள்ளங்கள் ஓடுகின்றன. தார்ச்சாலை மழைக்கு அருமை. தண்ணீரைப் பின்னால் தள்ளிவிடும். ஈரப்புல்லில் ஏறினால் பிடிக்க ஒரு குறுக்கு விளிம்பு கிடையாது.

இரண்டாவது ஆல்-டெரெய்ன் எனப்படும் காட்டுப்பாதை டயர். பிஎஃப்குட்ரிச்சின் கேஓ2, ஜெனரலின் கிராபர் போன்றவை இந்த வகை. பட்டன்கள் பெரிசு, இடைவெளி அகலம். சேற்றில் இந்த இடைவெளிதான் உயிர். சக்கரம் சுற்றும்போது உள்ளே புகுந்த சேறு உதிர்ந்து விழ வேண்டும். விழாமல் அப்பிக்கொண்டால் எவ்வளவு ஆழமான பட்டனும் மொட்டை டயர்தான். சேடை ஓட்டும் டிராக்டருக்கு நம் ஊரில் ஏன் இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறோம் என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும்: சேறு நிற்க இடமே இல்லாத சக்கரம் அது. அதையே மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் போக முடியாது என்பதும் நமக்குத் தெரியும். ஆல்-டெரெய்ன் டயருக்கும் கொஞ்சம் அந்தச் சங்கடம் உண்டு. சாலையில் இரையும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், மழைத் தாரில் பிரேக் பிடித்தால் சற்றுத் தள்ளிப்போய் நிற்கும். பின்னால் அரை டன் உயிர் நின்றுகொண்டு வரும் வண்டியில் இந்த மூன்றாவது சங்கடம் சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது ஆல்-சீசன் வேன் டயர். மிஷலினின் அஜிலிஸ் கிராஸ்கிளைமேட், கான்டினென்டலின் வான்கான்டாக்ட் வரிசையில் வருபவை இந்த ரகம். பட்டன்கள் அம்புக்குறி மாதிரி சாய்ந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சேற்றை வழித்து விடுகின்றன. பட்டனுக்குள்ளேயே பிளேடு வைத்துக் கீறியது போல மெல்லிய வெட்டுகள். புல்லின் மேல் படர்ந்த வழவழப்பை இவை கிழித்துப் பிடிக்கின்றன. ரப்பரும் சற்று மென்மையானது. ஏழு டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும், இது அவ்வளவாக விறைக்காது.

பக்கச்சுவரில் இரண்டு அடையாளங்களைக் கடைக்காரர் காட்டினார். ஒன்று எம்+எஸ் என்ற எழுத்து. சேறும் பனியும் என்று அர்த்தம். இன்னொன்று மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள். "எழுத்தை நம்பாதீர்கள், மலையை நம்புங்கள்" என்றார். எம்+எஸ் என்பது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்வது. அதற்குச் சோதனை கட்டாயம் இல்லை. மலைச் சின்னத்துக்குப் பனியில் ஓட்டிச் சோதித்துத் தேற வேண்டும். அதற்காக மலை இருந்தால் சேறு பயமில்லை என்று ஆகிவிடாது. பனி பனியோடு ஒட்டும். பள்ளத்தில் அப்பிய பனி தரையில் உள்ள பனியைப் பிடித்துக்கொள்ளும். சேறு சேற்றின் மேல் வழுக்கத்தான் செய்யும். சேற்றைச் சோதித்து முத்திரை குத்தும் சின்னம் எந்த டயரிலும் இல்லை.

அம்மாவின் கண் இரண்டாவது டயர் மீதே இருந்தது. கையிருப்பில் அந்த அளவில் ஒரு செட்தான் உண்டு. அதன் பாரக் குறியீட்டைப் படித்துவிட்டுக் கடைக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். 109. மாஸ்டர் வேனுக்கான 225/65 ஆர்16 சி அளவில் வழக்கமாக வருவது 112/110. அந்த 112 என்பது ஒற்றைச் சக்கரத்துக்கு 1,120 கிலோ. 110 என்பது இரட்டைச் சக்கரமாக மாட்டினால் ஒன்றுக்கு 1,060 கிலோ. 109 என்றால் 1,030 கிலோதான். வண்டியின் உலோகத் தகட்டில் பின் அச்சு 2,100 கிலோ தாங்கலாம் என்று அடித்திருக்கிறது. இரண்டு 112 டயர்கள் 2,240 கிலோ தாங்கும், கவலையில்லை. இரண்டு 109 டயர்கள் 2,060 கிலோவோடு நின்றுவிடும். நாற்பது கிலோ குறைவு. பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வண்டிக்கு அது டயரே இல்லை.

நான்கு சக்கரத்துக்கும் ஆல்-சீசன் 112 மாட்டினார்கள். முன் சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது, அங்கே மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். முன்பக்கம் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வழுக்கினால், இறக்கத்தில் பிரேக் போடும்போது வால் பக்கவாட்டில் வீசும்; உள்ளே நிற்கிற குதிரை அதைத்தான் முதலில் உணரும் என்றார் கடைக்காரர்.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பினோம். செல்ட்னம் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. மார்ச் மாதக் குதிரைப் பந்தயத்துக்கு உலகமே திரண்டு வரும் ஊர். அதைத் தாண்டி ஏ40 சாலை மலை ஏறுகிறது. டவுட்ஸ்வெல் நீர்த்தேக்கம் இடதுகைப் பக்கம் கறுப்பாகக் கிடந்தது. ஏற்றம் முடிந்து ஆண்டோவர்ஸ்ஃபோர்டில் ஏ436-க்குத் திரும்பியபோது வெளிச்சம் வந்தது. ஊரின் நிறமும் மாறிவிட்டது. கீழே செங்கல் வீடுகள். மேலே எல்லாம் தேன் நிறச் சுண்ணாம்புக்கல்: வீடு, வேலி, தேவாலயம், ஆட்டுப்பட்டி. உழுத வயலில்கூடக் கைப்பிடி அளவு கல் சில்லுகள் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தன.

"இங்கே சேறு வேறு ஜாதி" என்றார் அம்மா. காட்ஸ்வோல்ட் மேட்டில் மண் மெல்லிய போர்வை மட்டுமே. ஒரு முழம்கூட இருக்காது. கீழே கல். மேல்பகுதி வழுக்கினாலும் டயர் கொஞ்சம் தோண்டினால் பிடிமானம் தட்டுப்படும். அவர் பண்ணை இருக்கும் களிமண்ணிலோ தோண்டத் தோண்டக் களிதான். சக்கரத்தைச் சுழற்றுகிறவர் தன் குழியைத் தானே வெட்டுகிறார். ஒரே டயர் மேட்டில் கெட்டிக்காரன், பள்ளத்தில் அசடு. அதனால் டயரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அடியில் தரை இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஸ்டோ, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 240 மீட்டர் மேலே, ஃபாஸ் வே என்ற ரோமானியச் சாலையின் ஓரம் இருக்கிறது. இங்கே ஆண்டுக்கு இரண்டு சந்தை நடத்திக்கொள்ளலாம் என்று நான்காம் எட்வர்டு மன்னர் 1476-இல் சாசனம் கொடுத்தார். ஆடும் கம்பளியும் விற்ற சந்தை, பிறகு குதிரைச் சந்தையாகிவிட்டது. இப்போது மே மாதத்திலும் அக்டோபரிலும் ரோமானி மக்களும் ஐரிஷ் டிராவலர்களும் நாடெங்கிலுமிருந்து வந்து கூடுகிறார்கள். ஊரில் சில கடைகள் அன்றைக்குக் கதவைச் சாத்திவிடுகின்றன. ஐந்து நூற்றாண்டாக வரும் விருந்தாளிக்கு இப்படி ஒரு வரவேற்பா என்று எனக்குத் தோன்றியது. ஊருக்கும் அவர்களுக்கும் இடையிலான வழக்கு பழசு; ஒரு நாள் வந்து போகிறவன் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சந்தை நடப்பது ஊருக்கு வெளியே ஒரு சரிவான வயலில். வாசலிலேயே அம்மா லாரியை நிறுத்திவிட்டு இறங்கி, வயலை நடந்து பார்த்தார். குதிகாலால் மண்ணைக் குத்தினார். வாசலுக்கு அருகே, மேட்டில், சல்லி கொட்டிய தடத்தை ஒட்டி வண்டியைத் திருப்பி, மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினார். உள்ளே கடைகளுக்குப் பக்கத்திலேயே இடம் காலியாக இருந்தது. "காலி வண்டி எங்கேயும் போய்விடும். திரும்பும்போது பின்னால் குதிரை நிற்கும், நாள் முழுக்க இந்தக் கூட்டம் வயலைக் கடைந்து வைத்திருக்கும்" என்றார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சின்னக் குதிரை லாரிகளில் பெரும்பாலும் குதிரை பின்னோக்கி நிற்கும். குதிரையின் எடையில் சுமார் அறுபது சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. பின்னோக்கி நிற்கும்போது அந்தக் கனமான பாதி லாரியின் பின் அச்சுப் பக்கம் போய்விடுகிறது. இழுக்கிற சக்கரமோ முன்னால். பாரம் ஏற ஏறப் பின்பக்கம் அமுங்குகிறது, முன் சக்கரம் தரையை அழுத்தும் பங்கு குறைகிறது. மேடு ஏறினால் இன்னும் மோசம். பாரம் மேலும் பின்னால் சரியும். இறக்கத்தைப் பார்த்து நின்றால் பாரம் முன் சக்கரத்துக்கு வரும், புவியீர்ப்பும் தள்ளிக் கொடுக்கும். ஸ்பிரின்டர், ஐவெகோ டெய்லி போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் குதிரை ஏறினால் பிடிமானம் கூடும். காலியாக இருந்தால்தான் திண்டாட்டம்.

சந்தையை எழுதப் போனால் அது தனிக் கட்டுரை. கணுக்காலில் சாமரம் மாதிரி முடி தொங்கும் கறுப்பு-வெள்ளைக் காப் குதிரைகள், வளைந்த கூரை போட்டு வண்ணம் தீட்டிய மர வண்டிகள், சேணமில்லாமல் குதிரை ஏறிச் சந்துக்குள் பாய்ந்து வரும் பையன்கள், பீங்கான் தட்டுகளும் வாளிகளும் விற்கும் கடைகள். பேரம் கையில் நடக்கிறது. விற்பவர் கையை நீட்ட, வாங்குபவர் விலையைச் சொல்லி ஓங்கித் தட்டுகிறார். மறுவிலை, மறுதட்டு. கடைசித் தட்டில் இரண்டு கையும் பிரியாமல் நின்றுவிட்டால் முடிந்தது வியாபாரம். அம்மா நாலைந்து தட்டில் ஒரு பெட்டைக் காப்பை முடித்தார். பாஸ்போர்ட்டை வாங்கிப் படித்தார். குதிரைக்கும் அங்கே பாஸ்போர்ட் உண்டு, பயணத்தில் கூடவே இருக்க வேண்டும். கழுத்தில் கருவியை வைத்து மைக்ரோசிப் எண்ணைச் சரிபார்த்தார். 2020 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் எல்லாக் குதிரைகளுக்கும் அது கட்டாயம். கடைசியாக எடை நாடாவை எடுத்து நெஞ்சுக்கூட்டைச் சுற்றி அளந்தார். 520 கிலோ காட்டியது.

அந்த எடையை அவர் எதற்கு அளந்தார் என்றால், அவருடைய லாரி ஓட்டுநரோடும் டீசலோடும் 2,420 கிலோ. எடைமேடையில் நிறுத்தி வாங்கிய சீட்டு வண்டிக்குள்ளேயே இருக்கிறது. 3,500-இல் அது போக மிச்சம் 1,080. என்னையும் சேணம், தண்ணீர், வைக்கோல் வலையையும் கழித்தால் சுமார் 900. ஒரு காப்புக்குத் தாராளம். இரண்டு குதிரை நிற்க இடம் இருக்கிறதே என்று இன்னொரு காப்பையும் ஏற்றினால் எடை மீறிவிடும். இரண்டு குதிரை லாரி என்று விற்கப்படும் பல வண்டிகளின் உண்மை நிலை இது. டயர் வெடிப்பதும் அபராதம் விழுவதும் இந்தக் கணக்கைப் போடாதவர்களுக்குத்தான்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. நாங்கள் குதிரையை ஏற்றி, முதல் கியரைத் தவிர்த்து இரண்டாவதில் மெல்ல நகர்ந்து, நிற்காமல் சல்லித் தடத்துக்கு வந்துவிட்டோம். கீழே ஓர் ஆள் மாட்டிக்கொண்டிருந்தார். எங்களுடையது மாதிரியே முன்சக்கர இழுவை வண்டி, உள்ளே இரண்டு குதிரைகள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இரைந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். டயர் நல்ல டயர்தான், பக்கச்சுவரில் மலைச் சின்னமும் இருந்தது. ஆனால் பள்ளமெல்லாம் பழுப்புச் சேறு நிரம்பி, மேலே பாலிஷ் போட்டது போல வழவழவென்று மின்னியது. உள்ளே குதிரைகள் காலை மாற்றி மாற்றி உதைக்கும் சத்தம்.

அம்மா ஓடிப்போய் இன்ஜினை அணைக்கச் சொன்னார். முதல் வேலையாகக் குதிரைகளை இறக்கினார்கள். அவற்றின் பயம் தீர்ந்தது. பின்னால் ஒரு டன் பாரமும் போனது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சேற்றைச் சுரண்டி வைக்கோலைத் திணித்தார்கள். யாரோ காற்றைக் குறைக்கச் சொன்னார். குறைத்தால் டயர் அகன்று படியும், பிடிமானமும் கூடும், உண்மைதான். ஆனால் வேன் டயருக்குக் காற்று ஐம்பது பிஎஸ்ஐக்கு மேல் வேண்டும். குறைத்த காற்றைத் திரும்ப நிரப்பக் கையில் கம்ப்ரஸர் இல்லாமல் குதிரையோடு சாலைக்குப் போனால் பக்கச்சுவர் நெளிந்து வண்டி ஆடும், டயர் சூடேறிக் கிழியும். அதனால் அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

முன்னோக்கி ஏறாமல் பின்னோக்கி ஏறச் சொன்னார் அம்மா. ரிவர்ஸில் மேடு ஏறும்போது முன் சக்கரம் கீழ்ப்பக்கம் இருக்கும். பாரம் அதன்மேல் வந்து விழும். மூன்று பேர் கை கொடுக்க, வண்டி முனகிக்கொண்டே மேலே வந்தது. அப்படியும் வராவிட்டால் டிராக்டர்தான். டிராக்டர் வந்தாலும், கருவிப்பெட்டியில் உள்ள இழுவைக் கொக்கியைத் தேடி எடுத்து பம்பரில் திருகத் தெரிந்திருக்க வேண்டும். கொக்கி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மழையில் நிற்பவர்களை ஒவ்வொரு சந்தையிலும் பார்க்கலாம் என்றார்.

இத்தனைக்கும் மேல் சேறுதான் ஜெயிக்கும் நாள்களும் உண்டு. இதே மாவட்டத்தின் தென்கோடியில், இறகுப்பந்து ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்த பாட்மின்டன் மாளிகை வளாகத்தில் 1949 முதல் உலகப் புகழ்பெற்ற குதிரைப் போட்டி நடக்கிறது. 2012-இல் மைதானத்தில் தண்ணீர் தேங்கியதால் போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள். அவர்களிடம் இல்லாத டிராக்டரா, தடமா?

நாங்கள் திரும்பும் வழியில், மலை இறக்கத்தில் குதிரை அசையாமல் நின்று வந்தது. பண்ணைக்கு வந்ததும் லாரியை வயலுக்குள் இறக்கவில்லை. சாலையோரக் கான்கிரீட் தளத்தில் நிறுத்தி, குதிரையைக் கையில் பிடித்துக் களிமண்ணில் நடத்திக் கொண்டுபோனார்.

சின்னக் குதிரை லாரி வைத்திருப்பவர்களுக்கும், அதே எடையில் கேம்பர் வேனோ உணவு வண்டியோ வைத்து வயல்வெளிக்குப் போகிறவர்களுக்கும் இந்தப் பயணத்தில் நான் கேட்டுக்கொண்டது இது. டயர் வாங்கும்போது முதலில் பாரக் குறியீட்டைப் பாருங்கள். அது குறிக்கும் கிலோவை இரண்டால் பெருக்கி அச்சின் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து வார்த்த வாரத்தைப் பாருங்கள். அதன் பிறகு பட்டனுக்கு வாருங்கள். பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடி எப்போதாவது வயலில் இறங்கும் வண்டிக்கு, மலைச் சின்னம் போட்ட ஆல்-சீசன் டயர் நான்கு போதும். பண்ணையே சேற்றுக்குள் இருந்து தினமும் அதைக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால் மட்டும், பாரக் குறியீடு சரியாக உள்ள ஆல்-டெரெய்னுக்குப் போகலாம். அதற்கும் முன்னால், அந்தப் பணத்தில் வாசலில் ரெண்டு லோடு சல்லி கொட்ட முடியுமா என்று விசாரியுங்கள். எந்தக் கம்பெனி டயரையும்விட அதுதான் நாள்பட உழைக்கும்.